டிசம்பரில் வியட்னாம்: ஆறு நாளுக்கு வடக்கு போதும்

சிங்கப்பூரின் பொங்கோலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் பள்ளி விடுமுறையில் வியட்னாம் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், தொடக்கநிலை ஆறு முடிக்கும் மகன், 68 வயது மாமியார். ஆறு நாள் இருக்கிறது. ஹனோய், டனாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகர் எல்லாம் பார்க்க ஆசை. நகரம், இயற்கை, பண்பாடு மூன்றும் வேண்டும். மாமியார் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். எனக்கு மட்டும் இந்தியக் கடப்பிதழ், சிங்கப்பூர் நிரந்தரவாசி. 4,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடியுமா?"

முடியும். ஆனால் உங்கள் பட்டியலில் மூன்று ஊர்களை அடித்துவிட வேண்டும்.

ஹனோய்க்கும் ஹோ சி மின் நகருக்கும் இடையே ரயில் பாதை 1,700 கிலோமீட்டருக்கு மேல். உள்நாட்டு விமானம் மலிவுதான். ஆனாலும் அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய், இறங்கி, மறுபடி அறை எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஆறு நாளில் நான்கு ஊர் என்றால் மாமியார் அதிகம் பார்ப்பது விமான நிலைய நாற்காலிகளைத்தான்.

டனாங்கையும் ஹோய் ஆனையும் வேண்டாம் என்பதற்குக் காரணம் மழை. தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கடந்து ஈரத்தோடு வந்து மத்திய வியட்னாமின் மலைத்தொடரில் மோதுகிறது. அக்டோபர், நவம்பரில் அங்கே கொட்டித் தீர்க்கும். டிசம்பரிலும் சட்டென்று ஓய்வதில்லை. 2025 அக்டோபர் கடைசியில் ஹோய் ஆன் பழைய நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அந்த ஊருக்கு மார்ச் விடுமுறையில் போங்கள். டிசம்பரில் வடக்கே மழை குறைவு, தெற்கும் காய்ந்திருக்கும். இரண்டில் நான் வடக்கைச் சொல்வேன். தெற்கின் வெக்கையைப் பார்க்க விமானச்சீட்டு எதற்கு, அதுதான் பொங்கோலிலேயே இருக்கிறதே.

வெள்ளிக்கிழமை கிளம்பி புதன்கிழமை திரும்புங்கள். முதல் மூன்று இரவு ஹனோய், அடுத்த இரண்டு இரவு அதற்குத் தெற்கே உள்ள நின் பின். கிழமையை நான் சும்மா சொல்லவில்லை. ஹனோய் பழைய நகரத்தில் நடைபாதை என்பது பேருக்குத்தான். மோட்டார் சைக்கிளும், தேநீர்க் கடைகளின் குட்டி பிளாஸ்டிக் முக்காலிகளும் அதை நிறைத்திருக்கும். வயதானவரைச் சாலையில் இறக்கித்தான் நடத்த வேண்டியிருக்கும். வார இறுதியில் மட்டும் ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகளை விடமாட்டார்கள். ஏரிக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் மாமியார் நிம்மதியாக நடப்பார். மற்ற இடங்களில் சாலையைக் கடக்கும்போது ஒரே சீராக, மெதுவாக நடங்கள். வண்டிகள் உங்களைச் சுற்றிக்கொண்டு போகும். பாதியில் பின்வாங்குவதுதான் ஆபத்து.

ஹனோயில் இரண்டு இடங்களைத் தவறவிடாதீர்கள். ஒன்று, 1070இல் கட்டப்பட்ட இலக்கியக் கோயில். கன்ஃபூசியஸுக்கான அந்தக் கோயிலில் 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிற்கும். 1442 முதல் அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். தொடக்கநிலை இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதி முடித்த பையனுக்கு அது நன்றாகவே புரியும். இன்னொன்று, இனவியல் அருங்காட்சியகம். நாட்டின் 54 இனத்தாரைப் பற்றிய கூடம் உள்ளே; வெளியே தோட்டத்தில் அவர்களுடைய வீடுகளையே எழுப்பி வைத்திருக்கிறார்கள். எடே மக்களின் நீள வீட்டுக்குள் ஏறிப் பார்க்கலாம். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அதனால் சனி, ஞாயிறிலேயே முடித்துவிடுங்கள்.

திங்கள் காலை நின் பின். ஹனோயிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குள், காரில் இரண்டு மணி நேரம். பத்தாம் நூற்றாண்டில் தலைநகரம் இந்தப் பக்கத்தில் ஹுவா லூவில் இருந்தது. 1010இல்தான் ஹனோய்க்கு மாற்றினார்கள். நெல்வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நிற்கும். எல்லாரும் ட்ராங் ஆன் படகுப் பயணத்தைத்தான் சொல்வார்கள். 2014இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இடம், அழகில் குறையே இல்லை. ஆனால் ஏறக்குறைய மூன்று மணி நேரம் பலகையில் உட்கார வேண்டும், குகைக்குள் தலையைக் குனிய வேண்டும், நடுவே கோயில்களில் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது சரிப்படாது. நீங்களும் பையனும் ட்ராங் ஆன் போய் வாருங்கள். கணவரும் அவர் அம்மாவும் டாம் கோக் போகட்டும். அங்கே மூன்று குகைதான், நடுவில் இறங்க வேண்டியதில்லை. படகோட்டிகள் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு பாதங்களாலும் துடுப்பை மிதிப்பதை மாமியார் ஊருக்குப் போய்க் கதையாகவே சொல்வார். திரும்பும் இடத்தில் சாமான் விற்பவர்கள் மொய்ப்பார்கள். வேண்டாம் என்று சிரித்துவிட்டு வந்துவிடலாம். படகோட்டிக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படங்களில் வரும் பொன்னிற வயல்கள் மே கடைசியில்தான். டிசம்பரில் அறுவடை முடிந்து வயலில் தண்ணீர்தான் நிற்கும்.

நால்வரும் சேர்ந்து போக எனக்குப் பிடித்த இடம் வான் லோங். அதிகம் பேர் வராத சதுப்பு நிலக் காப்பகம். ஆழமில்லாத நீர், அடியில் பாசி அசைவது தெரியும். மூங்கில் படகைக் கோலால் தள்ளிக்கொண்டு போவார்கள். டெலகூர் லங்கூர் என்ற அரிய குரங்கின் கடைசிப் புகலிடங்களில் இது முக்கியமானது. உடம்பெல்லாம் கறுப்பு, இடுப்புக்குக் கீழே மட்டும் வெள்ளை அரைக்கால்சட்டை போட்டதுபோல இருக்கும். பாறையின் உச்சியில் தெரியும், தெரியாமலும் போகும். மாலை நான்கு மணிவாக்கில் போங்கள், தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர் ஹனோயில் 15 முதல் 20 டிகிரி. சிங்கப்பூர் உடம்புக்கு, அதுவும் படகில் காற்றடிக்கும்போது, அது போதும் போதும் என்று ஆக்கிவிடும். மலிவான விடுதிகள் பலவற்றில் வெப்பமூட்டும் வசதி இருக்காது. அறை எடுக்குமுன் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விரதம் இருப்பதால் சைவக் கடைகள் நிறையவே உண்டு. பலகையில் 'சாய்' என்று எழுதியிருக்கும். பல இடங்களில் பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். சாதாரணக் கடையில் போய் "இறைச்சி போடாதே" என்று கேட்டால் மட்டும் ஏமாந்துவிடுவீர்கள்; குழம்பில் மீன் சாறு இருக்கும். ஹனோயின் பெயர்போன நுரைக் காப்பி முட்டை அடித்துச் செய்வது. மாமியாருக்குத் தேங்காய்க் காப்பி வாங்கிக் கொடுங்கள்.

பணக் கணக்கு நமக்குச் சுலபம்: ஒரு லட்சம் டோங் ஏறக்குறைய ஐந்து வெள்ளி. பயணக் காலம் உச்சத்தில் இருப்பதால் நான்கு பேர் விமானச்சீட்டுக்கே 1,600 முதல் 2,000 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அறை ஐந்து இரவுக்கு 600, வண்டி, நுழைவுச்சீட்டு, சாப்பாட்டுக்கு ஒரு 800. மிச்சத்தைக் கையில் வையுங்கள். 20,000 டோங் தாளும் 500,000 டோங் தாளும் இரண்டும் நீலம். ஒன்று ஒரு வெள்ளி, மற்றது 25 வெள்ளி. இருட்டில் வாடகை வண்டிக்குக் கொடுக்கும்போது கவனம். கிராப் செயலி அங்கேயும் ஓடும், பேரம் பேசும் தொல்லை இல்லை.

கடைசியாக உங்கள் விசா. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ள மூவருக்கும் 30 நாள்வரை விசா வேண்டாம். உங்களுக்கு மின்விசா வேண்டும், ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர். வியட்னாம் அரசின் இணையத்தளத்திலேயே எடுங்கள்; தேடும்போது மேலே வரும் தளங்கள் பல, கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகர்களுடையவை. நம்மவர் கடப்பிதழ்களில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பதும், அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறுவதும் உண்டு. கடப்பிதழின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள். தவறாகப் போனால் கட்டணம் திரும்பி வராது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதனால் நவம்பர் நடுவிலேயே செய்துவிடுங்கள். அப்போதே, நிரந்தரவாசியாகச் சிங்கப்பூர் திரும்ப உங்களுக்குத் தேவையான மறுநுழைவு அனுமதி எப்போது முடிகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.