கால்வர்ட் கடற்கரையில் சுறாப்பல் தேடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள கால்வர்ட் கிளிஃப்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகிறோம். சுறாப்பல்லை எங்கே தேடுவது? எந்தச் சுறாவின் பல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: அலை ஒதுக்கிப் போடும் சரளைக்கல் வரிசையில் தேடுங்கள். செங்குத்துச் சரிவின் அடியில் நிற்கவே கூடாது. அது வெறும் களிமண்ணும் மணலும்தான். அடியை அலை அரிக்க, மேலே மழைநீர் ஊற, திடீரென்று சரியும். அங்கே நடக்கவும் தோண்டவும் பூங்கா தடை விதித்திருப்பது இதனால்தான். சரிவைக் கரைத்துப் பற்களை வெளியே எடுக்கும் வேலையை அலையே செய்துவிடுகிறது.

சரிவில் உள்ள இந்த மயோசீன் காலப் படிவுகள் ஏறக்குறைய 2 கோடி முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற கடலடியில் படிந்தவை. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு என்பதால் பெரும்பாலும் மக்கிவிடும். பற்களோ வாழ்நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் உதிரும். அதனால்தான் இவ்வளவு பற்கள்.

வாகன நிறுத்தத்திலிருந்து கரைக்குச் சுமார் 3 கி.மீ. நடக்கவேண்டும். கடல் வற்றும் நேரத்துக்குச் சற்று முன்பே போய்ச் சேருங்கள். புயலுக்கு மறுநாள் மிக நல்லது. கால் அங்குலக் கண் உள்ள சல்லடை போதும். சிறு பற்கள் வேண்டுமானால் இன்னும் நெருக்கமான கண் தேவை. கறுத்துப் பளபளக்கும் முக்கோணங்களைப் பாருங்கள்.

அடையாளம் காண விளிம்பைப் பாருங்கள். ரம்பப்பல் இல்லாமல் வழவழப்பாக, அகலமாக இருந்தால் அழிந்துபோன ஹஸ்டாலிஸ் சுறா. பெரிய ரம்பப்பற்கள் இருந்து, நுனிக்குச் சற்று முன் நின்றுவிட்டால் ஹெமிப்ரிஸ்டிஸ் என்ற சுறா. சேவல் கொண்டைபோல் ஒருபக்கம் சாய்ந்து, ஆழமான வெட்டு இருந்தால் புலிச்சுறா. நுனிவரை நுண்ணிய ரம்பமும், வேருக்குமேல் ஒரு கரும்பட்டையும் உள்ள தடித்த பல், அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானுடையதாக இருக்கலாம். முழுப்பல் அபூர்வம், உடைந்த துண்டுதான் பெரும்பாலும் கிடைக்கும். வரிவரியான கறுப்புப் பட்டைகள் திருக்கையின் பல்தட்டுகள். உடைந்த இடத்தில் நுண்துளைகள் தெரியும் கனமான துண்டு திமிங்கிலம் அல்லது ஓங்கில் (டால்பின்) எலும்பு.

வீட்டில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். உப்பு உள்ளே தங்கினால், உலரும்போது படிகமாகி மேற்பரப்பை உதிர்த்துவிடும். மென்மையான பல்துலக்கி போதும். வினிகர் வேண்டவே வேண்டாம்: பல்லும் எலும்பும் கால்சியம் பாஸ்பேட், அமிலத்தில் கரையும். எலும்பை வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாக உலர்த்துங்கள். பொடியும் எலும்புக்கு வார்னிஷ் பூசாதீர்கள், பின்னால் நீக்குவது கடினம். அதற்குப் பதில், 100 மி.லி. அசிட்டோனில் 5 கிராம் பாரலாய்டு பி-72 (எலும்பை இறுக்கும் அக்ரிலிக் பிசின்) கரைத்து, காற்றோட்டமான இடத்தில், தீ அருகில் இல்லாமல், பெரியவர்கள் பூசவேண்டும்.

சரிவில் மண்டையோடோ முதுகெலும்பு வரிசையோ தெரிந்தால் தொடாமல், தூரத்திலிருந்து படம் எடுத்து, இடத்தைக் குறித்து, சாலமன்ஸில் உள்ள கால்வர்ட் கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள். எந்த அடுக்கில் இருந்தது என்ற தகவல் போய்விட்டால், அந்த எலும்பின் வயதைச் சொல்வதே கடினமாகிவிடும்.