நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கைப் பிடித்து எதைச் சோதித்தார்கள்?

1900களின் தொடக்கத்தில் சுரங்கச் சோதனை என்றால் என்ன, உற்பத்தி கூடக் கூட அது ஏன் கட்டாயமானது என்பது கேள்வி.

ஆள் வேலைக்கு இறங்கும் முன் காற்றும் கூரையும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. நிலக்கரிக்குள் மீத்தேன் வாயு அடைபட்டிருக்கும். கரியை உடைக்க உடைக்க அது வெளியே வரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும். பிரிட்டன் 28.7 கோடி டன் வெட்டியெடுத்த 1913ஆம் ஆண்டில்தான் வேல்ஸில் செங்கனித் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்தச் சாவுகளை விட்டுவிட்டு டன் கணக்கை மட்டும் பேசுவது நியாயமில்லை. இந்தியாவில் சுரங்கச் சட்டம் 1901இல் வந்தது. சோதனை அலுவலகம் 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது.

எங்கள் காங்கேயம் பக்கம் பழங்கிணற்றைத் தூர்வார இறங்கும் முன் லாந்தரைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். பாதியில் அணைந்தால், "காத்து கெட்டிருக்குதுங்க, எறங்காதீங்க" என்று மேலிருந்து குரல் வரும். சுரங்கத்திலும் ஏறக்குறைய இதேதான். சுடர் வெளியே பரவாதபடி கம்பிவலை சுற்றிய டேவி விளக்கின் திரியைத் தாழ்த்தி, கூரையை நோக்கி மெதுவாக உயர்த்துவார்கள். மீத்தேன் லேசானது, மேலேதான் தங்கும். சுடரின் தலையில் வெளிர்நீலத் தொப்பி தெரிந்தால் வாயு இருக்கிறது. தொப்பி உயர உயர ஆபத்தும் கூடுகிறது.

விளக்கு அணையாமல் எரிந்தாலே காற்று நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடைச் சுடர் காட்டாது, அதற்காகத்தான் ஆளுக்கு முன்பே மயங்கி விழும் கேனரிக் குருவியைக் கூண்டோடு உள்ளே கொண்டுபோனார்கள்.