மூட்டுவலிக்கு மூலிகை கேப்சூல்: லேபிளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: முழங்கால் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். மஞ்சள் கேப்சூல் சாப்பிட்டால் மறுபடி வளருமா? வீட்டு மஞ்சள்தூளே போதாதா?
- 58 வயது வாசகி, கரூர்

பதில்: வளராது. ஜவ்வுக்கு, அதாவது மூட்டு எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு, ரத்தக்குழாய் கிடையாது. அதனால் தேய்ந்த இடம் தோல்காயம் போல ஆறி மூடிக்கொள்வதில்லை. எந்த மூலிகைச் சாறும் அதை வளர்த்துக் காட்டியதாக நிரூபணம் இல்லை. 'ஜவ்வைப் பாதுகாக்கும்' என்று டப்பாவில் போடுவதெல்லாம் பெரும்பாலும் சோதனைக்கூடச் செல்களிலும் எலிகளிலும் பார்த்த கணக்கு. வலியும் காலை நேர விறைப்பும் ஓரளவு குறையலாம். அதற்காகச் சாப்பிடுவதென்றால் சாப்பிடலாம்.

மஞ்சளில் வேலை செய்யும் சத்தான குர்குமின், மஞ்சள்தூளில் நூற்றுக்கு 3 பங்குதான், சுமாராக. ஒரு டீஸ்பூன் தூளில் 100 மில்லிகிராம் தேறினாலே அதிகம். மூட்டுவலி ஆய்வுகள் பலவற்றில் கொடுத்தது நாளுக்கு 1,000 மில்லிகிராம் அளவில். அதற்குப் பத்து டீஸ்பூனுக்கு மேல் மஞ்சள் போட வேண்டும். அந்தக் குழம்பை யார் சாப்பிடுவது?

குர்குமின் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு விழுங்குங்கள். மிளகிலுள்ள பைப்பரின் கலந்தால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடுவதை 1998-ல் வெளியான பெங்களூரு ஆய்வு காட்டியது. தொல்லையும் அங்கேதான். பைப்பரின் கலந்த கேப்சூல்களால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கேள்வி: குந்திரிக்கம் கேப்சூல் ஒரு கம்பெனியில் 100 மி.கி., இன்னொன்றில் 500 மி.கி. எது நல்லது?
- வாசகர், தென்காசி

பதில்: பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் 'பாஸ்வெல்லியா செராட்டா' என்ற மரத்தின் தாவரப் பெயர் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். குந்திரிக்கம் என்ற பெயரில் வேறு மரப் பிசினும் விற்பதுண்டு. அடுத்து, வீக்கத்தைத் தணிக்கும் 'ஏகேபிஏ' என்ற அமிலம் எத்தனை சதவீதம்? அது குறிப்பிடாத டப்பாவை அலமாரியிலேயே வைத்துவிடலாம். இந்த அமிலத்தைச் செறிவாக்கிய சாறு 100 மி.கி. வீதம் 90 நாள் சாப்பிட்டவர்களுக்கு, 100 புள்ளி அளவுகோலில், மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 17 புள்ளி வலி குறைவு என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பு சொல்கிறது. மூன்று மாதம் பார்த்தும் மாற்றமில்லையா, காசை வீணாக்காதீர்கள். தூபம் போடும் சாம்பிராணியைப் பொடித்து விழுங்குவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: மூட்டுக்கு நல்லதென்று பிரண்டைத் துவையல் அரைத்தேன். தொண்டை அரிக்கிறதே?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தண்டிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் குத்துவதுதான் காரணம். இளம் நுனித் தண்டாக எடுத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நறுக்கி எறிந்துவிடுங்கள். ஓர நாரை உரியுங்கள். நிறம் மாறிச் சுருளும்வரை நல்லெண்ணெயில் வதக்கிப் புளியோடு அரையுங்கள். அவசரத்தில் அரை வதக்கலாக எடுத்தால் அரிக்கத்தான் செய்யும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இந்தத் துவையல் வேண்டாம்.