நீலத்திரை வந்ததும் போர்மட் பண்ண வேண்டுமா?

கேள்வி: மகனுடைய கணினிக்குப் பம்பலப்பிட்டியில் பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கிப் பூட்டினோம். கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்து, நீலத்திரை வந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ‘டிரைவர் பிழை, 3,000 ரூபாவுக்குப் போர்மட் பண்ணித் தாறன்’ என்கிறார் கடைக்காரர். கார்டுக்கு ஒரு மாதச் செக்கிங் வொரன்டிதான் இருக்கிறது. கொடுக்கலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு நீலத்திரையின்போதும் விண்டோஸ் தன் கோப்புறைக்குள் ‘மினிடம்ப்’ என்ற இடத்தில் ஒரு சிறு பதிவை எழுதி வைக்கும். போர்மட் பண்ணினால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். முதலில் அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுங்கள். நீலத்திரையின் அடியில் வரும் ‘ஸ்டொப் கோட்’ வரியையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

அந்த வரி ‘வீடியோ டிடிஆர் பெயிலியர்’ என்றிருந்தால், கிராபிக்ஸ் சிப் 2 வினாடிக்குள் பதில் தரவில்லை, விண்டோஸ் அதை எழுப்பப் பார்த்தும் முடியவில்லை என்று பொருள். கூடவே ‘என்வி’ என்று தொடங்கும் கோப்புப் பெயர் வந்தால் அது என்விடியாவின் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். பலர் இதைப் பார்த்ததும் டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர் விழுந்தது யார் என்றுதான் சொல்லும், தள்ளியது யார் என்று சொல்லாது. சூடேறிய கார்டும், மின்சாரம் போதாத கார்டும் இதே பெயரோடுதான் விழும்.

டிரைவரா இல்லையா என்பதைச் செலவில்லாமல் பார்த்துவிடலாம். கார்ட் உற்பத்தி நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய டிரைவரை முதலே இறக்கி வையுங்கள். ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டோலர்’ என்ற இலவச மென்பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இணையத்தைத் துண்டியுங்கள். இதை மறந்தால் இடையில் விண்டோஸ் அப்டேட் தன்னிடமுள்ள டிரைவரைப் போட்டுவிடும். ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். அடுத்து வரும் பட்டியலில் 4ஐ அழுத்தினால் சேஃப் மோட் வரும். அங்கே பழைய டிரைவரை முழுக்கத் துடைத்துவிட்டு, வழமையான முறையில் ஏற்றிப் புதியதைப் போடுங்கள். அதிலும் விழுந்தால், சில மாதம் பழைய பதிப்பொன்றைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் விழுந்தால் டிரைவரை விட்டுவிடலாம்.

அடுத்தது பவர் சப்ளை. கேசிங்கோடு சேர்த்துத் தந்த மலிவான பவர் சப்ளையில் ‘500 வொட்’ என்று ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். 12 வோல்ட் வரிசையில் எத்தனை வொட் என்று ஸ்டிக்கரில் பாருங்கள், கார்டுக்கு உதவுவது அதுதான். கார்டில் 8 பின் இணைப்பு இரண்டு இருந்தால் இரண்டு தனி வயர் கொடுங்கள், ஒரே வயரின் இரு வால்களை மாட்டாதீர்கள். வெப்பத்தையும் பாருங்கள். எச்டபிள்யூஇன்போ என்ற இலவச மென்பொருளில் ‘ஹொட்ஸ்பொட்’ (சிப்பின் மிகச் சூடான புள்ளி) அளவு சாதாரண அளவைவிட 25 பாகைக்கு மேல் கூடியிருந்தால் உள்ளே, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம்.

கடைசியாக, ஒழுங்காக ஓடும் இன்னொரு கணினியில் கார்டைப் பூட்டி ஒரு மணிநேரம் கேம் ஓட்டுங்கள். அங்கும் விழுந்தால், மாதம் முடியுமுன் திருப்பிக் கொடுங்கள். கடையில் கணினி போர்மட்டுக்காகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் வொரன்டியில்தான் கழியும்.

இன்னுமொன்று. கணினியில் இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 புரொசெசர் இருந்தால் கார்டைக் குறை சொல்லுமுன் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் பண்ணுங்கள். இவற்றில் பல, மின்னழுத்தக் கோளாறால் காலப்போக்கில் பழுதாகின. கேமில் ‘வீடியோ மெமரி போதாது’ என்று பிழை வரும், ஆனால் பழுது புரொசெசரில் இருக்கும். 2024இல் இன்டெல் இதற்குத் திருத்தம் வெளியிட்டு, வொரன்டியையும் 2 வருடம் கூட்டியது. திருத்தம் மேலும் பழுதாவதைத்தான் தடுக்கும், பழுதானதைச் சரியாக்காது. பாவித்த புரொசெசர் வாங்குவோருக்கும் இது பொருந்தும்.

கேள்வி: 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்த்த நாளிலிருந்து நீலத்திரை. ஒருநாள் ‘மெமரி மனேஜ்மென்ட்’, மறுநாள் வேறேதோ. டிரைவர் பெயரும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. எந்த டிரைவரை அப்டேட் பண்ணுவது?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: எதையும் வேண்டாம். பிழை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் வந்தால், முதல் சந்தேகம் ரேமில்தான் விழ வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் நிறுத்துங்கள். மின்சாரத்தைத் துண்டித்து இரண்டு ரேமையும் கழற்றி, தங்க நிற முனைகளை ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் இந்த முனைகள் மங்குவதுண்டு. நான்கு துளையுள்ள மதர்போர்டில், பெரும்பாலும் புரொசெசரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் துளைகளில் போட வேண்டும்.

பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி இரவு முழுக்க ஓட விடுங்கள். இலவசப் பதிப்பு 4 சுற்று ஓடும். ஒரேயொரு பிழை வந்தாலும் கோளாறு இருக்கிறது, ‘ஒன்றிரண்டு வரும்’ என்ற கதையைக் கேட்காதீர்கள். அடுத்து ஒவ்வொன்றாக, ஒரே துளையில் போட்டுச் சோதியுங்கள். தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் விழுந்தால் இரண்டுக்கும் பொருத்தமில்லை. ஒரே பெட்டியில் இரண்டாக வரும் சோடிக்கு மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மடிக்கணினியை மூடித் திறந்தால் ‘டிரைவர் பவர் ஸ்டேட் பெயிலியர்’. வேலை செய்யும்போது ஒரு பிரச்சினையும் இல்லை.
— தெஹிவளை வாசகர்

பதில்: தூக்கத்திலிருந்து எழுப்பும்போது ஏதோ ஒரு கருவி எழவில்லை. முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மனேஜரில் வைஃபையின் புரொப்பட்டீஸைத் திறந்து, ‘பவர் மனேஜ்மென்ட்’ பகுதியில், மின்சேமிப்புக்காகக் கருவியை நிறுத்த அனுமதிக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்தப் பகுதி இருக்காது. அப்படியானால் மொடல் எண்ணைக் கொடுத்து உற்பத்தியாளர் தளத்தில் வைஃபை டிரைவரை எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் முந்திய டிரைவருக்குத் திரும்பும் ‘ரோல் பக் டிரைவர்’ போதும்.

கேள்வி: எல்லா டிரைவரையும் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டலாமா?
— வத்தளை வாசகர்

பதில்: வேண்டாம். டிரைவர்களில் பல இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே ஓடுபவை. அங்கே நடக்கும் சிறு பிழையும் முழுக் கணினியையும் விழுத்தும். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், அந்த மையத்தில் ஓடிய பகுதியைக் குழப்பி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. சிப்செட், கிராபிக்ஸ், வைஃபை ஆகிய மூன்றையும் உற்பத்தியாளரிடம் எடுங்கள். மற்றதை விண்டோஸ் அப்டேட் பார்த்துக்கொள்ளும். ஓடுகிற டிரைவரில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: புதுக் கணினி, வாங்கி ஆறு வாரம், நீலத்திரை வருகிறது. ‘சொப்ட்வெயார் பிழைக்கு வொரன்டி இல்லை’ என்று கடை திருப்பி அனுப்புகிறது.
— மட்டக்குளி வாசகர்

பதில்: விண்டோஸ் அல்லாத இலவச இயங்குதளமான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, ‘ட்ரை’ என்பதைத் தெரிவு செய்து, நிறுவாமலே இரண்டு மணிநேரம் ஓட்டுங்கள். அங்கும் உறைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ விண்டோஸ் டிரைவர்மேல் பழி போட முடியாது. அதை வீடியோ எடுத்து, பில்லோடும் சீரியல் எண்ணோடும் கடையில் கொடுங்கள். பழுதுக்கு வைத்துவிட்டு வரும்போது திகதியும் குறையும் எழுதிய துண்டு கேட்டு வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைப்போடு நிற்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஆறு வாரமளவில்தான் இருக்கிறது.