பொழுது சாய்ந்தால் விழும் கணினி

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் உயர்தரம் படிக்கிறாள். பின்னேரமானால் கணினி தானாக அணைந்து திரும்பவும் ஓன் ஆகிறது. கடையில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். மூன்றாம் நாளே பழைய கதை. என்ன செய்யலாம்?

பதில்: இன்னொரு தடவை விண்டோஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். பகலில் ஒழுங்காக ஓடுவது பின்னேரம் மட்டும் விழுந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது கரண்டைத்தான். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாடு முழுக்க மின்பாவனை உச்சத்தில் இருக்கும். ட்ரான்ஸ்போமருக்குத் தூரத்தில், லயத்தின் கடைசிக் காம்பராவில் 230 வோல்ட் முழுதாக வந்து சேர்வது கஷ்டம்.

கணினி விழும் நொடியில் பல்பைப் பாருங்கள். எல்.ஈ.டி. பல்ப் ஏமாற்றிவிடும், கரண்ட் குறைந்தாலும் அது மங்காமல் நிற்கலாம். பழைய மஞ்சள் பல்ப் ஒன்றைப் போட்டுக் கவனியுங்கள். அது மங்கும் நேரத்தில் யாராவது கேத்தலோ ரைஸ் குக்கரோ போட்டார்களா? கணினியும் குக்கரும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோட்டில் இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். யூபிஎஸ் (கரண்ட் போனால் கணினியைச் சற்று நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி) இருந்தால் அதன் வயதையும் பாருங்கள். மூன்று வருடம் தாண்டிய பேட்டரி, கரண்ட் இறங்கியதும் கையை விரித்துவிடலாம்.

அடுத்தது சூடு. "இந்தக் குளிரிலா?" என்பீர்கள். விறகடுப்புப் புகை தூசியோடு சேர்ந்து புரொசசருக்கு மேலுள்ள தகடுகளில் பிசுக்காக ஒட்டிவிட்டால் காற்றே போகாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷால் துடையுங்கள். ரேம் எனும் நினைவக அட்டையையும் கழற்றி, பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் போடுங்கள்; நம் ஊர் ஈரப்பதன் அதில் படியும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

விழும்போது விண்டோஸ் பிழையைச் சொல்லும் நீலத் திரை மின்னி மறைகிறதா? 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிக்கவரி'யில் 'ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதன் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். போனில் படம் பிடியுங்கள். நீலத் திரை வந்தால் டிரைவர் (கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்) அல்லது ரேம் பக்கம் தேடவேண்டும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 41 என்ற இலக்கத்தைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பவேண்டாம். முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

நீலத் திரை வராமல் சட்டென்று விழுந்துகொண்டே இருந்தால் பவர் சப்ளையை மாற்றிப் பார்க்கவேண்டும். கடையில் நல்லதொன்றை இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு, உங்கள் வீட்டில், இரவு ஏழு மணிக்குப் போட்டுப் பாருங்கள். டவுனில் காலை பத்து மணிக்கு எந்தக் கணினியும் நன்றாகத்தான் ஓடும்.