ஆரோக்கியப்பச்சையும் ஓர் ஆய்வேடும்

அன்புள்ள ஐயா,

தாவரவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். பழங்குடி மக்களின் மருத்துவத் தாவரங்கள் என் தலைப்பு. மலைக் குடியிருப்புகளுக்குப் போய் வைத்தியர்களிடம் கேட்டு 100 செடிகளுக்காவது பட்டியல் போடச் சொல்கிறார் நெறியாளர். முதல்முறை போனபோது ஒரு பெரியவர், "எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். ஆய்வேட்டில் வரும் என்றேன். "அப்புறம்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது அவரோடு போய்விடக் கூடாது, மருந்து நாலு பேருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நான் நினைப்பது தவறா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தவறே இல்லை. மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், ரத்தக்கொதிப்புக்குச் சர்ப்பகந்தா என்ற செடியின் வேர் பலன் தருவதைப் பற்றி 1949-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-இல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உலகம் முழுக்க எத்தனையோ பேருக்கு அது உதவியது. ஆனால் மருந்து வேரில் இருந்ததால் செடியையே பிடுங்கினார்கள். காட்டில் அது அருகிப்போய், இன்று அதன் பன்னாட்டு வணிகத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது.

அந்தப் பெரியவர் கேட்ட "அப்புறம்?" இருக்கிறதே, உங்கள் துறை பல வருடமாகத் திணறிக்கொண்டிருக்கும் கேள்வி அது. அகத்தியமலையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1987-இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அந்த மலையில் ஏறியது. வழிகாட்டக் கூட வந்த காணிக்காரர்கள், அந்த மலையின் பழங்குடிகள், ஏதோ ஒரு சின்னக் காயை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். வந்தவர்களுக்கோ மூச்சு வாங்கியது. அது என்ன காய் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை, வெளியாட்களிடம் சொல்லக் கூடாது என்றார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகே செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பாலோட்டில் இருக்கும் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அதன் இலையோடு வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. காணிகள் தின்றது காயை, மருந்தானது இலை. ஆய்வுக்கூடத்தின் உழைப்பும் அதில் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தயாரிக்கும் உரிமை 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், அதுபோக விற்பனையில் 2 சதவீதம். இதில் பாதியைக் காணிகளுக்குத் தர ஆய்வு நிறுவனம் முன்வந்தது. அப்போது அப்படித் தரச்சொல்லி இந்தியாவில் எந்தச் சட்டமும் கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் வந்ததே 2002-இல்தான். அந்த வகையில் பெரிய காரியம், உலகம் முழுக்க முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

ஆனால் காசை வாங்கக் காணிகள் பக்கம் ஓர் அமைப்பு வேண்டுமே. அதற்கான அறக்கட்டளை 1997-இல்தான் பதிவானது, பணம் வந்து சேர 1999 ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் காணிகள் கையெழுத்துப் போடவே இல்லை, அது நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இடையில் நடந்தது. வழி காட்டியவர்கள் ஒரு பஞ்சாயத்துக்காரர்கள். மற்ற பஞ்சாயத்துகளில் இருந்த காணிகள், எங்களை யார் கேட்டார்கள் என்றார்கள். பிலாத்திகள் எனப்படும் அவர்களுடைய மருத்துவர்கள் சிலர், சொன்னதே தப்பு என்று எதிர்த்தார்கள். சரி, செடியையாவது வளர்த்து விற்கலாம் என்று பார்த்தால் வனத்துறை குறுக்கே வந்தது. வளர்த்த இலை எது, காட்டில் பறித்த இலை எது என்று எப்படிப் பிரிப்பது என்பது அவர்கள் கவலை. போதாக்குறைக்கு அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ஜீவனி என்ற பெயரையே தன் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டது.

எல்லாரும் நல்ல எண்ணத்தோடு இறங்கிய காரியத்திலேயே இத்தனை சிக்கல். ஆகவே பெரியவரிடம் "மருந்து உலகத்துக்குப் போகும், உங்களுக்கும் பங்கு வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். உங்களால் கொடுக்க முடியாத வாக்கு அது. முதலில் ஊர்க்கூட்டத்தில் போய் உட்காருங்கள். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவர்கள் சொல்லட்டும். இது வெறும் மரியாதைக்காக இல்லை. 2006 வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது அந்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்கிறது. 2023-இல் பல்லுயிர்ச் சட்டத்தைத் திருத்தியபோது, சட்டம் ஏற்ற மருத்துவ நூல்களில் பதிந்த மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பங்கு தருவதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். உங்கள் ஆய்வேடு அந்த நூல்களில் சேராது, ஆனாலும் வாய்மொழியாக வந்த அறிவை இன்று அச்சில் ஏற்றப்போகிறவர் நீங்கள். கொஞ்சம் யோசித்துத்தான் ஏற்றவேண்டும்.

பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டியல் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் செடியின் பெயர், குடும்பம், பயன்படும் பாகம், நோய் என்று நான்கு கட்டம் போட்ட ஆய்வேடுகள் நூலகங்களில் குவிந்து கிடக்கின்றன. முக்கால்வாசியில் எப்போது பறிப்பார்கள், எவ்வளவு விட்டுவைப்பார்கள் என்ற விவரமே இருக்காது. எனக்கு அதுதான் பெரிய குறை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோளகர் பழங்குடியினரை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லிக்காய் பறிப்பது அவர்கள் பிழைப்பில் ஒன்று. நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறிக் காய்ப்புக் குறைவதற்கு என்ன காரணம் என்று கேட்டால், முன்பெல்லாம் நாங்கள் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்போம், புல்லுருவியும் உண்ணிச்செடியும் அதில் அடங்கும், தீயைத் தடுத்த பிறகுதான் இரண்டும் ஏறிவிட்டன என்பார்கள். ஆய்வாளர்கள் இதைக் காதில் வாங்கிக்கொண்டு ஆராய்ந்தார்கள். 'நெல்லி, காய், வயிற்றுப்புண்' என்று ஒரு வரி எழுதிவிட்டு வந்திருந்தால் இது எங்கே வந்திருக்கும்?

பதப்படுத்திய மாதிரி எடுக்க மறந்துவிடாதீர்கள். வெள்ளைப் பூக் கரிசலாங்கண்ணி வேறு, மஞ்சள் பூக் கரிசலாங்கண்ணி வேறு. இரண்டையுமே கரிசாலை என்பவர்கள் உண்டு. அழுத்தி உலர்த்திய செடி கையில் இல்லாவிட்டால் பிற்பாடு யாராலும் தீர்த்துச் சொல்லமுடியாது.

நெறியாளரிடம் 100-ஐ 30 ஆக்கக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு செடிக்கும் பறிக்கும் காலம், பறிக்கும் விதம், சொன்னவர் எழுதச் சம்மதித்தாரா என்று மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதுங்கள், எப்படிப் பேசலாம் என்று பார்ப்போம். ஆய்வேடு முடிந்ததும் அதைத் தமிழில் சுருக்கி, ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் குறித்துவைக்கும் அவர்களுடைய பஞ்சாயத்தின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எது சேரலாம் என்று அவர்களிடமே கேட்டுச் சேர்த்துவிட்டு, ஒரு பிரதியைப் பெரியவர் கையில் கொடுங்கள். "அப்புறம்?" என்று அவர் கேட்டதற்கு இப்போதைக்கு உங்களால் செய்யமுடிவது இவ்வளவுதான். அடுத்தமுறை போகும்போது அவரிடம் இதை அப்படியே சொல்லலாம்.