காடு வா வா என்கிறது

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஓஸ்லோவைச் சுற்றியுள்ள காடுகளை இந்த ஊர்க்காரர்கள் காத்துவருவதைப் புகழ்ந்த உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் பெருந்துறைக்காரன், வேலை நிமித்தம் இங்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லோரும் ஞாயிறன்று எங்கே நடக்கப் போனாய் என்றுதான் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 56 லட்சம் மக்களும் எண்ணெய்ப் பணமும் உள்ள நார்வேக்குக் காட்டைக் காப்பது என்ன பெரிய காரியம்? உங்கள் புகழ்ச்சி, வந்த இடத்துக்கு நாம் காட்டும் நன்றியுணர்ச்சிதானோ என்று சந்தேகமாக இருக்கிறது. தவறாக எண்ண வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஓஸ்லோ

*

அன்புள்ள தம்பி,

நன்றியுணர்ச்சி இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணெய்க் கணக்கு இங்கே பொருந்தாது. நோர்வேயின் முதல் பெரிய எண்ணெய்வயலான எக்கோஃபிஸ்க் கண்டறியப்பட்டது 1969இன் இறுதியில். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஜேர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்து ஓராண்டே ஆகியிருந்த 1946இல், உணவைப் பங்கீட்டு அட்டைக்கு வாங்கிக்கொண்டிருந்த ஒஸ்லோ மக்கள், நகரத்துக்கு வடக்கே உள்ள நூர்மார்க்காக் காட்டின் ஊடாக மின்கம்பி இழுக்கும் திட்டத்தை எதிர்த்துப் பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். அடுத்தவருக்குச் சொந்தமான காட்டிலும் எவரும் நடக்கலாம் என்னும் பழைய வழக்கத்தை எழுத்துச் சட்டமாக்கியது 1957இல்.

அதுபோலவே, இது மனிதக் கை படாத காடு என்றும் எண்ணிவிட வேண்டாம். நூர்மார்க்காவின் பெரும்பகுதி ஒரே குடும்பத்தின் சொத்து. இன்றும் அங்கே மரம் வெட்டுகிறார்கள், வெட்டிய இடத்தில் மரக்கன்று வளர்க்கிறார்கள். ஒரு வளைவு திரும்பியதும் மொட்டையாகக் கிடக்கும் சரிவைக் கண்டு நானே திடுக்கிட்டிருக்கிறேன். நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கைத் தரும் மாரிடால் ஏரி காட்டின் விளிம்பிலேயே இருக்கிறது. அதில் யாரும் காலை நனைக்கவும் கூடாது. இவற்றையெல்லாம் சுற்றி வரைபடத்தில் ஒரு கோடு ஓடுகிறது. நகரத்தைச் சுற்றியுள்ள இந்தக் காடுகளை இங்கே மார்க்கா என்பார்கள். 2009ஆம் ஆண்டின் மார்க்காச் சட்டம் அந்தக் கோட்டுக்குள் வீடு கட்டுவதைத் தடுக்கிறது. இந்த நகரத்தின் வீட்டு விலையைப் பார்க்கும்போது, அந்தக் கோட்டை நகர்த்த ஆசைப்படுபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். அது நகராமல் இருப்பதற்கு மக்களின் நல்ல மனது காரணமன்று. ஞாயிறுதோறும் அவர்கள் அதற்குள் போய் வருகிறார்கள் என்பதே காரணம். தான் நடக்கிற பாதையை மறிக்க ஒருவர் எளிதில் சம்மதிப்பதில்லை.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். ‘வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது’ என்று முதுமையைச் சொல்கிற மொழி நம்முடையது. காடு என்றதும் சுடுகாடு நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் பனங்கூடல். காடு என்பது வன்னியில் இருந்தது, அங்கே காரணமில்லாமல் யாரும் போவதில்லை. ஒஸ்லோவின் குரூரூட் பள்ளத்தாக்கில் ஓர் அடுக்குமாடியில் குடியேறி, கட்டடத்தின் பின்வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் காடு தொடங்குகிறது என்பதை அறிந்தும், முதல் ஏழு ஆண்டுகள் நான் அதற்குள் கால் வைக்கவில்லை. நீங்கள் எட்டு மாதத்திலேயே வெட்கப்படுகிறீர்கள்!

உங்களுக்கு என்னைவிட வசதியும் ஒன்று உண்டு. கொங்குநாட்டில் ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் தோட்டந்துரவைப் பார்க்கப் போவதாகத்தானே பொருள்? மார்க்கா என்பதன் மூலமான ‘மார்க்’ என்ற நோர்வேச் சொல்லுக்கும் வயல், நிலம் என்று பொருள் உண்டு. இங்குள்ளவர்கள் அருவியையும் சிகரத்தையும் தேடி அங்கே போவதில்லை. தங்கள் காட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருகிறார்கள், அவ்வளவுதான். சுரங்க ரயிலில் உங்கள் முகத்தை ஏறெடுத்தும் பாராத அதே மனிதர், ஒற்றையடிப் பாதையில் எதிர்ப்பட்டால் ‘ஹாய்’ என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் ரயிலில் மீண்டும் அந்நியராகிவிடுவார்.

என்னைக் காட்டுக்குள் இழுத்தது காளான். இலையுதிர் காலத்து ஞாயிறுகளில் சொங்ஸ்வான் ஏரிக்கரையில் ஒரு மேசை போட்டு, காளான் அறிந்தவர்கள் அமர்ந்து, நாம் பறித்து வந்ததை இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். காந்தரெல் என்பது உண்ணத்தக்க மஞ்சள் காளான். கூடை நிறைய அதுதான் என்று பெருமையோடு நான் நீட்டியதை ஒரு மூதாட்டி ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார். காந்தரெலின் அடிப்புறத்தில் மழுங்கிய வரிகள் தண்டின்மேல் இறங்கி ஓடும். இதிலோ கத்தி விளிம்பு போன்ற மெல்லிய மடல்கள் தண்டைத் தொடுமிடத்தில் நின்றுவிட்டிருந்தன. சிறுநீரகத்தை அழித்துவிடும் இனம் அது. ஒன்று கலந்திருந்தாலும் உடைந்த துண்டுகள் மற்றவற்றில் ஒட்டியிருக்கும் என்று சொல்லி, முழுக் கூடையையும் குப்பைப் பையில் கொட்டினார். பிறகு, அடுத்த வாரமும் வா என்றார். நான் போனேன்.

நவம்பர் இருட்டையும் உண்ணிகளையும் பற்றிக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது என் குற்றமே. டிசெம்பரில் ஆறு மணிநேரம்தான் பகல். விளக்கு போட்ட பாதைகள் அதற்காகத்தான் இருக்கின்றன. இந்த ஞாயிறு மழையில்லாவிட்டால் பதினொரு மணிக்குச் சொங்ஸ்வானுக்கு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் காளான் புழுங்கிவிடும். கூடை இல்லையென்றால் காகிதப் பை போதும். தேநீர் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்